பார்கின்சன் நோயாளியின் பாதத்தை யார் பார்ப்பது?

பார்கின்சன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கை நடுக்கம். சும்மா மடியில் வைத்திருக்கும்போதே ஆடும் விரல்கள், குனிந்த நடை, வர வர மெலிந்துபோகும் குரல். இது மூளையில் வரும் வருத்தம் என்பதும் இப்போது பலருக்குத் தெரியும். அதனால் ஒரு பார்கின்சன் நோயாளி "பாதம் விறைச்சுப் போச்சு, ராவில கால் காந்துது, செருப்பு கழன்டாலும் தெரியுதில்ல" என்று சொன்னால் வீட்டில் அனேகமாக இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கும். "அது அந்த வருத்தத்தோட சேர்ந்ததுதான்" என்பார்கள், இல்லாவிட்டால் "வயசு போனா அப்படித்தான்" என்பார்கள். சனம் நிறைந்த கிளினிக் நாளில் அங்கேயும் கிட்டத்தட்ட இதே பதில்தான்.

இரண்டையும் முழுப் பிழை என்று தள்ள முடியாது. ஆனால் இரண்டுமே அதற்கு மேல் தேடவிடாத பதில்கள். காலில் உணர்வு குறைவது புற நரம்புப் பாதிப்பின் அடையாளம். மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் வெளியே, கைகால்களுக்கு ஓடும் நரம்புகள் பழுதாவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பார்கின்சன் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது என்று கடந்த இருபது வருடத்துக்குள் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏன் வருகிறது என்பதில் நோய்க்கும் பங்குண்டு, மருந்துக்கும் பங்குண்டு, நாம் சாப்பிடுகிற, சாப்பிடாமல் விடுகிற சாமான்களுக்கும் பங்குண்டு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இதோடு இன்னும் சில காரணங்கள் வந்து சேர்ந்துகொள்கின்றன.

பார்கின்சனையும் புற நரம்புப் பாதிப்பையும் சேர்த்துப் பார்க்க மருத்துவ உலகம் இவ்வளவு தாமதித்ததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1817 இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் இந்த நோயை முதன்முதலாக விரிவாக எழுதினார். அவருக்குக் கிடைத்தவர்கள் வெறும் ஆறு பேர். அதிலும் மூவர் தெருவில் கண்டவர்கள். அந்தச் சிறு நூலின் வரையறையிலேயே, புலன்களுக்கும் அறிவுக்கும் இந்நோயால் கேடில்லை என்று எழுதிவிட்டார். தெருவில் போகிறவரை நிறுத்தி அவர் பாதத்தில் ஊசி குத்திப் பார்க்க முடியாதுதானே! பிற்பாடு சார்க்கோ என்ற பிரெஞ்சு நரம்பியலாளர் நோய்க்குப் பார்கின்சனின் பெயரையே வைத்தார். இது அசைவு பற்றிய நோய் என்ற எண்ணம் அப்படியே ஊன்றிவிட்டது. மணம் தெரியாமல் போவது, உடம்பு நோவது, கால் எரிவது என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவையெல்லாம் ஓரத்தில் கிடந்தன.

இரண்டு கோளாறும் இருக்கும் இடம் வேறு. பார்கின்சனில் நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் டொப்பமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. டொப்பமின் குறைந்தால் அசைவு மந்தமாகும், தசை இறுகும், ஓய்வாக இருக்கும் கை செக்கனுக்கு நாலு முதல் ஆறு தடவை ஆடும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும்.

புற நரம்பின் சங்கதி அப்படியல்ல. பெருவிரல் நுனியில் முள் குத்தினால் அதை எடுத்துச் சொல்லும் நரம்புக் கலத்தின் உடல் கீழ் முதுகில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஒரே இழை, ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். அந்த இழைக்கு வேண்டிய எல்லாச் சாமானும் மேலே தயாராகித்தான் கீழே வரவேண்டும். கல்லோயாத் திட்டத்தில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சேனாநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் வயல்தான். பாதம் அந்த வயல். சீனி வருத்தமோ, விற்றமின் குறைவோ, மதுவோ எதுவாக இருந்தாலும் விறைப்பு முதலில் இரண்டு பாதத்திலும் ஒன்றுபோலத் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மேலே ஏறும். முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல் நுனியும் மரத்துப்போகத் தொடங்கும்.

இழைகளிலும் தடித்தவை, மெல்லியவை என்று உண்டு. அதிர்வும், கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற அறிவும் தடித்த இழைகளில் போகும். நோவு, சூடு, குளிர் எல்லாம் மெல்லியவற்றில் போகும். வியர்வையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும் தன்னியக்க நரம்புகளும் அந்த மெல்லிய இனத்தைச் சேர்ந்தவைதான். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

என் மாமா ஒருவர் படுவான்கரையில் வயல் செய்தவர். ஐந்தாறு வருடமாகப் பார்கின்சன். குளிசை போட்டால் கை ஆட்டம் அடங்கிவிடும், பேச்சும் தெளியும், ஆனால் தள்ளாட்டம் மட்டும் போகாது. பகலில் வளவுக்குள் ஒருமாதிரி நடந்துவிடுவார். கரண்ட் போன இரவில் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். கிணற்றடியில் முகத்துக்குத் தண்ணீர் அடித்துக் கண்ணை மூடினால் உடம்பு சரியும், கட்டைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு கிளினிக் நாளில் புதிதாக வந்திருந்த இளம் வைத்தியர் கொப்பியைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னார். தட்டினால் அதிரும், இரண்டு கிளையுள்ள ஒரு கருவியைத் தட்டி, அதன் அடியைப் பெருவிரல் எலும்பில் வைத்து, "அதிருதா ஐயா?" என்று கேட்டார். "என்ன மகன் அதிருது?" என்றார் மாமா. கணுக்காலில் வைத்தபோதும் முகத்தில் ஒன்றுமில்லை. முழங்கால் சிரட்டைக்கு வந்ததும் திடுக்கிட்டு, "ஓம் ஓம், இப்ப தெரியுது" என்றார். பிறகு நேரே நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். பிடிக்க ஆள் தேவைப்பட்டது. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகவில்லை.

அந்தச் சின்னச் சோதனையின் அர்த்தம் இதுதான். பார்கின்சன் மட்டும் உள்ளவருக்குப் பாதத்தில் அதிர்வு இப்படி அற்றுப்போகாது, கணுக்கால் தசைநாரில் தட்டினால் பாதம் துள்ளவும் செய்யும். இருட்டிலும் கண்மூடினாலும் கூடும் தள்ளாட்டம் தடித்த இழைகள் பழுதானதைக் காட்டுகிறது. கண் திறந்திருக்கும்வரை மூளை கண்ணால் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். சரி, பார்கின்சனிலும் கால் நோவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. விடியற்காலையில், முதல் குளிசைக்கு முன், பாதம் உள்நோக்கி வளைந்து விரல்கள் மடங்கி வலிப்பது பார்கின்சனுடைய வேலை. மருந்து பிடித்ததும் அது இளகும். நரம்புப் பாதிப்பின் விறைப்பும் காந்தலும் குளிசையின் நேரத்தைப் பார்ப்பதில்லை, இரவில் கூடவும் செய்யும். வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒன்றைக் கவனித்துச் சொன்னாலே வைத்தியருக்குப் பாதி வேலை குறையும்.

எத்தனை பேருக்கு இப்படி இருக்கிறது என்பது எப்படித் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2010 இல் கனடாவில் வெளிவந்த ஓர் ஆய்வில் பார்கின்சன் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் புற நரம்புப் பாதிப்பு இருந்தது. நோய் இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அதுவரை வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017 இல் வந்த மீளாய்வு, தடித்த இழைப் பாதிப்பு ஏறத்தாழ 16 சதவீதத்தினருக்கு என்றும், தோலைக் கிள்ளி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மெல்லிய இழைப் பாதிப்பு பாதிக்கு மேற்பட்டோரிடம் என்றும் சொல்கிறது. வைத்தியசாலைகளில் செய்யும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தடித்த இழைகளை மட்டும்தான் பிடிக்கும். அதனால் "டெஸ்ட் நோர்மல்" என்ற காகிதத்தோடு காந்தும் காலைக் கொண்டு வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

இனி மருந்துக்கு வருவோம். பார்கின்சனுக்கு இன்றுவரை மிகச் சிறந்த மருந்து லெவோடோபா. 1967 இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்ற வைத்தியர் அதைக் கூடிய அளவில் கொடுத்து, அசையாமல் கிடந்தவர்களை எழுப்பிக் காட்டினார். மூளைக்குள் போய் டொப்பமினாக மாறவேண்டிய சாமான் இது. ஆனால் வழியில், குடலிலும் ஈரலிலும் இரத்தத்திலும் பெரும்பகுதி செலவாகிவிடும். அதைத் தடுக்கத்தான் காபிடோபாவையோ பென்செராசைட்டையோ சேர்த்து ஒரே குளிசையாகத் தருகிறார்கள்.

ஒரு வழியை அடைத்தால் மற்ற வழியில் கூட்டம் கூடும். லெவோடோபாவின் ஒரு பங்கு வேறொரு நொதியத்தின் கையில் சிக்குகிறது. அந்த நொதியம் ஒவ்வொரு லெவோடோபா மூலக்கூறிலும் மெதைல் கூட்டம் என்ற ஒரு சிறு இரசாயனத் துண்டை ஒட்டிவிடும். அதை உடம்பின் மெதைல் கையிருப்பிலிருந்து எடுக்கும். கொடுத்து முடித்த மூலக்கூறு ஹோமோசிஸ்டீன் என்ற பொருளாக மிஞ்சுகிறது. ஹோமோசிஸ்டீன் தேங்கக்கூடாது. அதைத் திரும்பப் பயனுள்ள பொருளாக்க விற்றமின் பி12 உம் ஃபோலிக் அமிலமும் வேண்டும். வேறு வழியாகக் கழிக்க விற்றமின் பி6 வேண்டும். ஒருவர் நாளைக்கு 300 மில்லிகிராமிலிருந்து 1000 மில்லிகிராம் வரை, வருடக்கணக்கில் லெவோடோபா எடுக்கிறார் என்றால், இந்தச் செலவு ஒவ்வொரு நாளும் நடக்கிறது. கையிருப்பு நிறைய உள்ளவருக்குப் பிரச்சினையில்லை. ஏற்கெனவே பி12 இழுபறியில் இருப்பவருக்கு ஹோமோசிஸ்டீன் ஏறுகிறது, நரம்புறையைப் பராமரிக்கும் வேலை பின்தங்குகிறது.

மேலே சொன்ன கனடா ஆய்வில், நரம்புப் பாதிப்பு உள்ளவர்கள் கூடுதலாக லெவோடோபா எடுத்தவர்களாகவும், பி12 பற்றாக்குறையைக் காட்டும் மெதைல்மலோனிக் அமிலம் இரத்தத்தில் உயர்ந்தவர்களாகவும் இருந்தார்கள். 2013 இல் பல மையங்களில் நடந்த இன்னொரு ஆய்வில், மூன்று வருடத்துக்கு மேல் லெவோடோபா எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பாதிப்பு. குறுகிய காலம் எடுத்தவர்களிடமும் எடுக்காதவர்களிடமும் அது மிகக் குறைவு. மேலைநாடுகளில் சிலருக்கு லெவோடோபாவைக் கூழாகக் குழாய் வழியே நேரே சிறுகுடலுக்குள் செலுத்துகிறார்கள். அப்படிப் பெரிய அளவில் எடுத்த சிலருக்கு வாரக்கணக்கிலேயே கால்கள் சோர்ந்துபோனதாக அறிக்கைகள் வந்த பிறகு, அந்த மருந்தைத் தொடங்கும் முன் பி12 பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் குளிசையை நிறுத்திவிடக்கூடாது. லெவோடோபாவைத் திடீரென விட்டால் உடம்பு மரக்கட்டையாக இறுகி, கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். இங்கே மருந்துக்குத் துணையாக விற்றமின் தேவைப்படுகிறது, மருந்தை ஒதுக்கத் தேவையில்லை.

மருந்து மட்டும்தான் குற்றவாளி என்றும் முடிக்க முடியாது. ஒரு லெவோடோபாக் குளிசையும் தொடாத நோயாளிகளின் தோலிலும் மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சில ஆய்வுகளில், நடுக்கமும் இறுக்கமும் கூடிய பக்கத்துத் தோலில்தான் இழைகள் கூடக் குறைந்திருந்தன. பார்கின்சன் மூளைக்குள் அல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் பிழையாக மடிந்து கட்டி கட்டியாகச் சேர்கிறது என்பது 1997 இல் தெரியவந்தது. அதே புரதத்தைக் குடல் சுவரின் நரம்புகளிலும், இதயத்துக்குப் போகும் நரம்புகளிலும், கடைசியில் தோலின் நரம்பிழைகளிலும் கண்டார்கள். 2024 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கழுத்து, தொடை, கணுக்காலுக்கு மேல் என்று மூன்று இடத்தில் சிறு தோல் துண்டெடுத்துப் பார்த்தபோது பார்கின்சன் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தப் புரதம் தெரிந்தது. நோயில்லாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். மூளை நோய் என்று இருநூறு வருடமாகச் சொல்லிவந்த ஒன்றைக் கணுக்கால் தோலில் கண்டுபிடிக்கலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம்.

நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கலும் மணம் தெரியாமல் போவதும் தொடங்குவதையும், பாயை விட்டு எழும்பியவுடன் இரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றுவதையும் இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். தன்னியக்க நரம்புகளும் அதே நோயின் வழியில் கிடக்கின்றன.

மருந்தா நோயா என்று ஆய்வாளர்கள் வாதாடுவது அவர்கள் தொழில். என்னைக் கேட்டால் இரண்டும்தான். ஆனால் வாழைச்சேனையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வரும் ஒருவருக்கு அந்த வாதத்தால் பயன் ஒன்றுமில்லை. அவருடைய காலில் திருத்தக்கூடிய காரணம் எது என்பதுதான் அவருக்கு வேண்டியது. இங்கேதான் நம் ஊர் நிலவரம் உள்ளே வருகிறது.

முதலாவது சீனி வருத்தம். அது தனியாகவே பாத நரம்பைத் தின்னும். அதற்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் நல்ல மருந்து, மலிவான மருந்து, கிளினிக்கில் கிட்டத்தட்ட எல்லாரும் எடுக்கும் மருந்து. ஆனால் வருடக்கணக்கில் எடுத்தால் குடல் பி12 ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். 2022 இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதை அடிக்கடி வரும் பக்கவிளைவு என்றே அறிவித்தது. இதோடு வயிற்றெரிவுக்கு ஒமிப்ரசோலும் மாதக்கணக்கில் சேர்ந்தால் இன்னும் குறையும். உடம்பில் பி12 சேமிப்பு சில வருடத்துக்குப் போதும் என்பதால் பற்றாக்குறை உடனே தெரியாது. பத்து வருடம் மெட்ஃபோர்மின் எடுத்த ஒருவருக்குப் பார்கின்சன் வந்து லெவோடோபா தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒரு குளிசை வரவைக் குறைக்கிறது, மற்றது செலவைக் கூட்டுகிறது. மாமாவின் கதை அதுதான். சீனிக் கிளினிக் ஒரு கிழமை, நரம்புக் கிளினிக் வேறொரு கிழமை, இரண்டுக்கும் வெவ்வேறு கொப்பி. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஆள் வேண்டும். பல வீடுகளில் அது மகளாகவோ மருமகளாகவோதான் இருக்கும்.

இரண்டாவது சாப்பாடு. பி12 மரக்கறியில் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் என்று விலங்குவழி வருவதில்தான் உண்டு. வாவி மீனும் கருவாடும் மட்டக்களப்புத் தயிரும் இருக்கிற ஊரில் பற்றாக்குறையா என்று தோன்றும். ஆனால் வயது போனவர்களின் தட்டைப் பார்த்தால் கதை வேறு. வெள்ளி, சதுர்த்தி, சஷ்டி என்று மரக்கறி நாட்கள் கூடிக் கூடி, அறுபதுக்குப் பிறகு முழுச் சைவமாகிவிடுகிறவர்கள் உண்டு. பல் போனதால் சோறும் சொதியுமாக நாளைக் கழிப்பவர்களும் உண்டு. முதுமையில் வயிற்று அமிலம் குறைவதால் சாப்பிட்ட மீனிலிருந்தும் பி12 சரியாகப் பிரிந்து வராது.

பார்கின்சன் வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. லெவோடோபா குடலில் உறிஞ்சப்படும்போது புரதச் சாப்பாட்டின் அமினோ அமிலங்கள் அதோடு போட்டி போடும். அதனால் மீன், இறைச்சி, தயிரோடு சேர்த்துக் குளிசை போடவேண்டாம் என்று சொல்வார்கள். அந்தப் புத்திமதி வீட்டுக்கு வந்து சேரும்போது "மீனும் தயிரும் கூடாதாம்" என்று மாறிவிடுகிறது! நேரத்தைப் பற்றிச் சொன்னதை விலக்காக எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று வருடம் மீனே தொடாமல் இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். செய்யவேண்டியது சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் குளிசையைப் போடுவதுதான். அதன் பிறகு மீன் ஆணமும் தயிரும் தாராளமாகச் சாப்பிடலாம்.

கசிப்பும் சாராயமும் நரம்புக்குச் செய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

தொழுநோயைப் பற்றி இங்கே பேசுவது சிலருக்கு விருப்பமாக இராது. மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவில் தொழுநோயாளருக்கென்று ஒரு வைத்தியசாலை நெடுங்காலம் இருந்தது. அது பழைய காலத்துக் கதை என்று பலர் நினைக்கிறார்கள். 1995 இல் இலங்கை இந்நோயை ஒழிப்பு நிலைக்குக் கொண்டுவந்தது உண்மை. அதாவது பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு. அதன் பிறகும் வருடந்தோறும் ஆயிரத்துக்கு மேல் புது நோயாளிகள் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டு வந்திருக்கிறார்கள், கிழக்கு மாகாணத்திலும்தான். தொழுநோய்க் கிருமி குடியேறும் இடமே புற நரம்பு. ஆகவே விறைப்பு இரண்டு பாதத்திலும் ஒன்றுபோல இல்லாமல் ஒரு கையில் மட்டும், ஒரு காலில் மட்டும் என்று இருந்தால், அல்லது உணர்வில்லாத வெளிறிய தேமல் எங்காவது தெரிந்தால், பார்கின்சன் தலையில் போட்டுவிட்டுப் போகாமல் தோல் கிளினிக்கில் ஒருதரம் காட்டவேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ இலவச மருந்தில் குணமாகும் நோய் அது.

வயல் மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பராகுவாட் என்ற களைகொல்லிக்கும் பார்கின்சனுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. இலங்கையில் 2008 தொடங்கி அதைப் படிப்படியாகத் தடை செய்தார்கள், கூடவே டைமெதோவேட், ஃபென்தியோன் என்ற இரண்டு பூச்சிகொல்லிகளையும். தடைக்கு முதற்காரணம் நஞ்சருந்தி இறப்போர் தொகை. அந்தப் பூச்சிகொல்லிகள் இரண்டும் ஒர்கனோபொஸ்பேற்று இனம். அந்த இனத்து நஞ்சுகள் சில உடம்பில் கடுமையாக ஏறினால், ஓரிரு கிழமைக்குப் பிறகு கால் நரம்புகள் சோர்ந்துபோவதுண்டு. சம்மாந்துறையிலோ உன்னிச்சையிலோ முப்பது நாற்பது வருடம் முதுகில் தாங்கியைச் சுமந்து மருந்தடித்த ஒருவருக்கு இப்போது நடுக்கமும் கால் விறைப்பும் இருந்தால் இது காரணமா என்று கேட்கத் தோன்றும். தனியொருவரில் அதை நிரூபிக்க முடியாது. ஆனாலும் என்ன மருந்து, எத்தனை போகம், கையுறை போட்டாரா என்ற விபரம் கொப்பியில் ஏறவேண்டிய விபரம்தான்.

இனி பார்மசி. கால் விறைக்குது என்றால் வைத்தியரின் துண்டு இல்லாமலே பி1, பி6, பி12 சேர்ந்த குளிசையை வாங்கிப் போடுவது நம் ஊர் வழக்கம். "நரம்புக்குச் சத்து" என்ற நம்பிக்கை. இவற்றில் பலவற்றில் பி6 நூறு, இருநூறு மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. பி6 மாதக்கணக்கில் மிஞ்சினால் அதுவே புற நரம்பைக் கெடுத்து, பாதத்தை விறைக்க வைக்கும். விறைப்பு கூடக்கூட ஆள் இன்னும் ஒரு குளிசை கூட்டுவார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023 இல் வளர்ந்தோருக்கான பி6 மேல் எல்லையை நாளைக்கு 12 மில்லிகிராம் என்று இறக்கியதற்குக் காரணமும் இந்த நரம்புப் பாதிப்புத்தான். அதே நேரம் காபிடோபா பி6 ஐப் பிடித்து முடக்கும் இயல்புள்ளது, பெரிய அளவில் மருந்தெடுக்கும் சிலருக்கு பி6 பற்றாக்குறையே வரலாம். கூடினாலும் விறைப்பு, குறைந்தாலும் விறைப்பு. ஆகவே இந்த விற்றமினை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பரியாரியிடம் போகிறவர்களுக்கும் ஒரு சொல். பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபாவேதான். அதை அந்த விதையிலிருந்து 1937 இல் மதராஸ் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆகவே அந்தச் சூரணம் வேலை செய்வதில் அதிசயமில்லை. ஆனால் அதுவும் உடம்புக்குள் அதே வழியில்தான் போகும், அதே மெதைல் செலவைத்தான் வைக்கும். கிளினிக் குளிசையோடு சேர்த்து எடுத்தால் மொத்த அளவு யாருக்கும் தெரியாமல் ஏறிவிடும். எடுக்கிறவர் ஒளிக்காமல் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டால் போதும்.

கேட்டுச் செய்விக்க வேண்டிய பரிசோதனைகள் பெரிய செலவானவை அல்ல. மூன்று மாதச் சீனி, தைரொயிட், சிறுநீரகம், முழு இரத்தக் கணக்கு இவற்றோடு பி12. பி12 அளவு எல்லையில் நின்றால், வசதி இருக்கும் இடத்தில் ஹோமோசிஸ்டீனோ மெதைல்மலோனிக் அமிலமோ பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரத்தத்தில் பி12 இருப்பதாகக் காட்டிக்கொண்டே கலத்துக்குள் பற்றாக்குறை இருக்க முடியும். குறைவு என்று தெரிந்தால் ஊசியாகவோ கூடிய அளவுக் குளிசையாகவோ தருவார்கள். லெவோடோபா தொடங்கும்போதே பி12 பார்த்து, பிறகு வருடத்துக்கு ஒருதரமாவது திரும்பப் பார்ப்பது என் கணக்கில் எல்லாக் கிளினிக்கிலும் வழக்கமாக வேண்டும். சீனி நோயாளியின் கண்ணை வருடாவருடம் பார்ப்பதுபோல, பார்கின்சன் நோயாளியின் பாதத்தையும் பார்க்கலாம்தானே.

எவ்வளவு தேறும்? ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகத் தேறும். புற நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும், ஆகவே மாதங்கள் பிடிக்கும். பல வருடம் பழகிப்போன விறைப்பு முழுதாக மாறாது, மேலும் ஏறாமல் நிறுத்தலாம். காந்தலுக்குக் கபாபென்ரின் போன்ற மருந்துகள் உண்டு. அமிற்ரிப்ரிலின் மலிவு, ஆனால் எழும்பும்போது தலைசுற்றும் பார்கின்சன் முதியவருக்கு அது விழுத்திவிடக்கூடும், பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

அதுவரை பாதத்தைக் காப்பாற்ற வேண்டும். பார்கின்சனில் கால் தூக்குவதே குறைவு, அதோடு நிலமும் தெரியாவிட்டால் வாசற்படியே எதிரி. இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன வெளிச்சம், பின்வார் உள்ள செருப்பு, கிணற்றடியில் பிடிக்க ஒரு கம்பி. விறைத்த காலுக்கு உப்பு ஒத்தடமும் கொதிதண்ணீரும் வேண்டாம். சூடு தெரியாத தோல் வெந்துபோகும், சீனியும் இருந்தால் புண் ஆறாது. தண்ணீரின் சூட்டை நோயாளியின் காலால் பார்க்காமல் மற்றவர் முழங்கையால் பார்க்க வேண்டும். நேர்த்தி வைத்துத் தீமிதிக்கவோ, பொத்துவில் தாண்டி ஒகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியே கதிர்காமத்துக்கு வெறுங்காலில் நடக்கவோ ஆசைப்படுகிறவர் வீட்டில் இருந்தால், போகுமுன் மாமாவுக்குச் செய்த அந்த அதிர்வுச் சோதனையை ஒருதரம் செய்துகொள்ளட்டும். அதிர்வு தெரியாத காலோடு போவதென்றால் சப்பாத்துப் போட்டு, ஒவ்வொரு பின்னேரமும் இன்னொருவர் உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். முள் ஏறியிருப்பது அவருக்குத் தெரியாது.